கதவின் கீழ்ச் சாண்

கரிசக்காட்டில் இரும்புக்கு ஆயுசு கெட்டி. வெட்டவெளியில் கிடக்கிற மாட்டுவண்டிப் பட்டாவைப் பாருங்கள். வண்டி மக்கிவிட்டது, ஆரக்கால் செல்லரித்துவிட்டது, பட்டா மட்டும் மேலாக ஒரு செம்பழுப்பு ஏறியதோடு நின்றிருக்கிறது. பம்புசெட் அறையின் சன்னல் கம்பி, களத்து ஓரத்தில் சாய்த்து வைத்த கடப்பாரை, கூரையில் செருகிய பழைய கொழு எல்லாமே அப்படித்தான். காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத் தாண்டும்போதுதான் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று நிலைத்துத் துரு வேகம் பிடிக்கும். கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம் பக்கம் மாசி தொடங்கி ஐப்பசி மழை வரும்வரை பகல் வேளைகளில் அந்த ஈரம் கிடைப்பது அரிது. அதே மாவட்டத்தில் சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, உப்பளங்களைத் தொட்டுக் காற்று வருகிற தூத்துக்குடியில், புது சைக்கிளின் மட்கார்டு சீக்கிரமே பொரிந்துவிடும். கடலோரமாக இன்னும் வடக்கே போனால் பாம்பன். 1914இல் திறந்த அந்தப் பழைய ரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் நின்றதற்குக் காரணம், விடாமல் சுரண்டிச் சுரண்டிப் பெயிண்ட் அடித்துவந்த ஆட்களின் கைகள். அப்படியும் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள்.

இரும்புக்கு இவ்வளவு தோதான எங்கள் நிலத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அது கண்முன்னே உதிர்கிறது. குளியலறைத் தகரக் கதவின் கீழ்ப்பகுதி, தரையிலிருந்து ஒரு சாண் உயரம். கோவில்பட்டியில் எந்தத் தெருவிலும் நாலு வீடு ஏறி இறங்கினால் இதைப் பார்க்கலாம். மேலே பச்சையோ நீலமோ எனாமல் பெயிண்ட் பளபளவென்று இருக்கும். இடுப்புக்குக் கீழே கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கும். அதற்கும் கீழே தகடு அடுக்கடுக்காக உரிந்து, விரலால் தொட்டால் தூளாகக் கையில் வரும். அடி விளிம்பு இருக்காது. கடற்கரையின் ஒரு துண்டை வெட்டி எடுத்து வந்து வீட்டுக்குள் வைத்தது போல அந்த ஆறடிக்கு நாலடி அறை மட்டும் வேறொரு தட்பவெப்பத்தில் இருக்கிறது.

அங்கே கடலைக் கொண்டுவந்தது ஆழ்துளைக் கிணறு. எங்கள் பக்கத்தில் தண்ணீர் இரண்டு வகை. குடிக்க, சமைக்கத் தாமிரபரணித் தண்ணீர். சீவலப்பேரியிலிருந்து குழாயில் வருவது, வருகிற நாளில் குடம் குடமாகப் பிடித்து மூடி வைப்பது. குளிக்க, துவைக்க, கழுவப் போர்த் தண்ணீர். அதை எல்லோரும் உப்புத் தண்ணி என்றே சொல்வோம். சோப்பு நுரைக்காது. தலைக்கு ஊற்றினால் முடி கயிறாகும். குழாய் மூக்கில் வெள்ளையாகக் காரை கட்டும். அந்தத் தண்ணீரை வாளியிலிருந்து கோரித் தலையில் ஊற்றும்போது உடம்பிலிருந்து வழிந்து தரையில் மோதித் திரும்பத் தெறிக்கிற உயரம் ஏறத்தாழ ஒரு சாண். கதவின் துருவுக்கு மேல்கோடு போட்டால் அதே உயரத்தில்தான் நிற்கும். உப்பு ஒட்டிய இரும்பு 60 விழுக்காடு ஈரத்துக்கெல்லாம் காத்திருப்பதில்லை. கால்சியம், மக்னீசியக் குளோரைடு உப்புகள் வறண்ட காற்றிலிருந்துகூட ஈரத்தை இழுத்துத் தங்கள்மேல் வைத்துக்கொள்ளும். ஆகவே வீட்டார் எல்லோரும் ஊருக்குப் போய், சித்திரை வெயிலில் பூட்டிக் கிடக்கிற வீட்டிலும் அந்தக் கீழ்ச் சாண் மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கிறது.

இந்தத் துருவுக்கு வயது அதிகமில்லை. என் பாட்டி காலத்தில் குளியலறை என்று ஒன்று கிடையாது. ஆண்களுக்குக் கமலைக் கிணற்றின் வாய்க்கால், கண்மாய். பெண்களுக்கு வீட்டுப் பின்புறம் பனையோலைத் தட்டி. தட்டிக்குள் ஒரு சப்பட்டைக் கல், பக்கத்தில் மண்பானை. அந்த இடத்தில் இரும்பே இல்லை. ஓலை மக்கினால் அடுத்த வருடம் வேறு ஓலை. தண்ணீரும் எண்ணி எண்ணித்தான் செலவாகும், ஒரு குடத்துக்கு அரைக்கல் நடந்தவர்கள் அதைத் தரையில் தெறிக்க ஊற்ற மாட்டார்கள். மின்சாரம் வந்து, போர் போட்டு, மொட்டை மாடியில் தொட்டி ஏறி, சுவர் எழுப்பித் தளம் போட்ட பிறகுதான் கதவு வேண்டியதாயிற்று. மரக் கதவு தண்ணீரில் ஊதும், விலையும் கட்டாது. தகரக் கதவு வந்தது இப்படி. தண்ணீர் வீட்டுக்குள் வந்த அன்றைக்கே துருவும் வந்தது. பாட்டி நடந்த அரைக்கல்லை நினைத்தால் இந்தத் துருவைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அதைச் சும்மா விடவும் மனம் வருவதில்லை.

ஒரு தகரக் கதவை வெல்டிங் பட்டறையில் படுக்கப் போட்டுப் பார்க்க வேண்டும். நின்றபடி பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாலு பக்கமும் ஆங்கிள் சட்டம், குறுக்கே ஒன்றிரண்டு பட்டை, மேலே ஒரு தகடு. தகட்டின் ஓரத்தைச் சட்டத்தின் மேல் மடித்து இடையிடையே பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்திருப்பார்கள். கீழ் ஓரத்தில் அந்த மடிப்பு ஒரு குறுகிய பை ஆகிறது. தகட்டில் வழிகிற தண்ணீர் அதற்குள் இறங்கித் தங்கும், வெளியேற வழி கிடையாது. தகடு துத்தநாகம் பூசியதாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். 1837இல் பிரான்சில் சோரல் என்பவர் இந்தப் பூச்சுக்குக் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்து துத்தநாகம் செய்கிற காரியம் ஒன்றுதான்: இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டுப் போவது. கீறல் விழுந்த இடத்திலும் பக்கத்துத் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். ஆனால் அது 907 டிகிரியில் ஆவியாகிவிடும். வெல்டிங் தீப்பொறியின் சூடு அதைப்போல் பல மடங்கு. பற்றவைக்கும்போது எழும்புகிற வெள்ளைப் புகை அந்தக் காவல்தான் போய்க்கொண்டிருப்பது. பட்டறைக்காரர் நெஞ்சுக்கும் அது ஆகாது. ஆக, தண்ணீர் தேங்குகிற மடிப்பில், பொட்டு வைத்த ஒவ்வோர் இடத்திலும் இரும்பு அம்மணமாக நிற்கிறது.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. துருவுக்குக் காற்றும் தண்ணீரும் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு, காற்று அதிகம் படுகிற இடம்தான் முதலில் அரிபடும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற ஆய்வாளர் 1920களில் ஓர் இரும்புத் தகட்டின்மேல் ஒரே ஒரு சொட்டு உப்புத் தண்ணீரை வைத்து, நிறம் மாறும் ரசாயனம் ஒன்றைக் கலந்து பார்த்தார். சொட்டின் ஓரத்தில் காற்று சுலபமாகக் கிடைக்கிறது, நடுவில் கிடைப்பதில்லை. இரும்பு கரைந்தது நடுவில். ஓரம் தப்பித்தது. இரண்டுக்கும் இடையில் வளையமாகத் துரு படிந்தது. காற்றுப் படுகிற இடம், காற்றுப் படாத இடத்தின் இரும்பைச் சுரண்டித் தன்னைக் காத்துக்கொள்கிறது. குளியலறைக் கதவில் அந்தச் சொட்டின் நடு, மடிப்பின் உள்பக்கம். நமக்குத் தெரிகிற வெளிப்பக்கம் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தகடு பாதிக் கனமாகியிருக்கும். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். மடிப்புக்குள் ஊதி, பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து, ஒருநாள் தகடு வாயைத் திறக்கிறது. குளியலறைத் தளத்தின் காரை பெயர்ந்து உள்ளே கம்பி தெரிவதும் இதே கணக்குத்தான்.

இத்தனையும் எந்த ஊர்க் குளியலறைக்கும் பொருந்தும். கரிசலுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. இந்த மண் ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். மாண்ட்மோரிலனைட் என்கிற களி அதில் நிறைய. அதன் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து விலக்குகிறது. பருத்திக்கும் கம்புக்கும் அது வரம். வீட்டுக்கு அது சள்ளை. அஸ்திவாரம் ஆழம் பற்றாத பின்கட்டுக் குளியலறைகள் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நூல் தூக்கும், பங்குனியில் ஒரு நூல் இறங்கும். நிலைச்சட்டம் கோணினால் கதவு தரையில் பிடிக்கும். நாம் என்ன செய்கிறோம்? காலால் ஓர் உதை கொடுத்துச் சாத்துகிறோம். சிமெண்டுத் தரையில் கர்ரென்று உரசி அடி விளிம்பின் பெயிண்ட் போகிறது. மழைக்காலத்தில் தேய்த்துவிட்ட அந்த விளிம்பு மறு மழைக்குள் ரம்பப் பல்லாகிவிடும்.

ஆசிட்டைச் சொல்லாமல் விட முடியாது. உப்புத் தண்ணி தரையில் விட்டுப்போகிற வெள்ளைக் கறை எதற்கும் மசியாது. ஆடி வெள்ளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் கடையிலிருந்து ஆசிட் பாட்டில் வாங்கி வந்து ஊற்றித் தேய்ப்பது வீட்டுக்கு வீடு வழக்கம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். டைல்ஸ் வெளுக்கும், உண்மை. அதன் புகை கதவின் கீழ்ப்பகுதியில் படிந்து, மடிப்புக்குள் தெறித்த நாலு சொட்டு கழுவப்படாமல் தங்கிவிடும். வருடம் முழுக்க உப்புத் தண்ணி செய்யாத வேலையை அந்த ஒரு மத்தியானம் செய்து முடிக்கும். கதவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு ஆசிட் போடுகிற வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை. குறைந்தபட்சம் கதவை முழுக்கத் திறந்து வெளிப்பக்கம் தள்ளி வைத்து, வேலை முடிந்ததும் அதன் அடியில் நாலு வாளி நல்ல தண்ணீர் அடித்து விடலாம். புளித்த மோரும் புளியும் போதும் சின்னக் கறைகளுக்கு. நேரம் பிடிக்கும், தேய்க்க வேண்டும், கதவுக்குச் சேதம் குறைவு.

எங்கள் வீட்டுக் கதவு வாயைத் திறந்தபோது ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சியைக் கூட்டி வந்தேன். அவர் கதவைப் பார்க்கவில்லை, சுத்தியலின் பின்பக்கத்தால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். நெஞ்சு உயரத்தில் கணீரென்று கேட்டது. முழங்கால் உயரத்தில் சத்தம் மட்டமானது. அதற்குக் கீழே பொத் பொத்தென்றது. சத்தம் மாறிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார்.

"இதுக்கு மேல தங்கம் மாதிரி இருக்கு சார். கீழதான் போச்சு. முழுக் கதவையும் தூக்கிப் போடணும்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க."

"பெயிண்ட் போன வருசம்தானே அண்ணாச்சி அடிச்சது?"

"பெயிண்டரு கதவு தொங்கும்போது அடிச்சிருப்பாரு. குனிஞ்சு படுத்தா அடிச்சாரு? அடி விளிம்புல பிரஷ்ஷே பட்டிருக்காது. ஒரு கண்ணாடியக் கீழ வச்சுப் பாருங்க."

முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்து தரையில் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கதவு செய்த நாளிலிருந்து அதன் அடி விளிம்புக்கு ஒரு பூச்சும் கிடையாது. பக்கத்து வீடு, எதிர் வீடு, சொந்தக்காரர் வீடு என்று போகிற இடத்திலெல்லாம் பிறகு பார்த்தேன். அடியில் பெயிண்ட் இருந்த கதவு அபூர்வம். தண்ணீர் ஓயாமல் தொடுகிற இடம் எதுவோ, அந்த இடத்தைப் பூசுகிறவர் கை தொடவில்லை. ஊர் முழுக்க இத்தனை கதவுகள் இப்படி உதிர்வதற்கு உப்பையும் கரிசலையும் காரணம் சொல்கிற நாம், இந்தக் காரணத்தைச் சொல்வதில்லை. எனக்கு இதுதான் தலையானதாகப் படுகிறது.

அவர் செய்த வேலையின் வரிசையைச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் வரிசை பிசகினால் எல்லாம் வீண். கீலைக் கழற்றிக் கதவை வெளியே வெயிலில் போட்டார். கோட்டுக்குக் கீழே தகட்டை வெட்டி எடுத்தார். உள்ளே சட்டத்தின் மேல் அடை அடையாக இருந்த துருவை உளியால் பெயர்த்து, கம்பி பிரஷ் போட்டு, பிறகு உப்புத்தாள் வைத்து வெள்ளை தெரியும்வரை தேய்த்தார். நல்ல தண்ணீரில் கழுவச் சொன்னார். போர்த் தண்ணீரில் கழுவினால் நாமே உப்பைத் திரும்ப வைத்த மாதிரி. காய்ந்தவுடனே, அன்றைக்கே, ரெட் ஆக்சைடு அடிப்பூச்சு. ஓர் இரவு விட்டால் பனியில் மறுபடி செந்தூள் பூத்துவிடும். புதுத் தகட்டுக்கு உள்பக்கமும் ரெட் ஆக்சைடு அடித்த பிறகே சட்டத்தில் வைத்தார், பொட்டு வைத்த இடங்களைச் சுரண்டி மறுபடி தொட்டுக் கொடுத்தார். கீழ் மடிப்பில் நாலு விரலுக்கு ஒரு துளை போட்டார். இது எதற்கு என்றேன்.

"தண்ணி உள்ள போறத நிறுத்த முடியாது சார். போனது வெளிய வரணும்ல?"

ட்ரில்லிங் மெஷினுக்கு ஐந்து நிமிட வேலை. எனாமல் இரண்டு கை அடித்தார், முதல் கை நன்றாகக் காயவிட்டு. அடி விளிம்புக்குக் கதவைத் தலைகீழாகச் சாய்த்து வைத்து மூன்றாவது கையும் கொடுத்தார். மாட்டும்போது தரைக்கும் கதவுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டார். கரிசல் ஊதினாலும் உரசாது. துருவுக்கு மேலேயே பெயிண்டை அப்பிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. அந்தப் பெயிண்ட்டுக்கு உள்ளே அடைபட்ட ஈரமும் உப்பும் வேலையைத் தொடரும், கொப்புளமாக வெளியே வரும், அதைப் பார்த்து நாம் பெயிண்ட் கம்பெனியைத் திட்டுவோம் என்பது மட்டும் அவர் சொன்னது.

இன்னொரு வழியும் உண்டு, அது இந்த மண்ணிலேயே முளைக்கிறது. கரிசலின் ஓடை ஓரங்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையின் பட்டை, கருவேலம்பட்டை, மலையிலிருந்து வருகிற கடுக்காய், மூன்றிலும் துவர்ப்பு நிறைய. தோல் பதனிட இவற்றைத்தான் காலங்காலமாகப் பயன்படுத்தினார்கள். இதே துவர்ப்பு இரும்புத் துருவோடு சேர்ந்தால் கருநீலமாகக் கெட்டிப்பட்டுவிடும். கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சியது இந்த வினையால்தான். இன்று கடையில் துருமாற்றி என்று விற்கிற திரவங்கள் பலவற்றில் வேலை செய்வது இந்த டானிக் அமிலம் அல்லது பாஸ்பாரிக் அமிலம். சுரண்டி எடுக்க முடியாத இடுக்குகளில், உதிர்கிற துருவையெல்லாம் தட்டிய பிறகு ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய துருவின்மேல் தடவினால், அது கறுத்து ஒரு படலமாக நிற்கும். அதன்மேல் பெயிண்ட் பிடிக்கும். தடித்த அடை மேல் தடவிப் பயனில்லை. ஆவாரம்பட்டைக் கஷாயம் காய்ச்சிக் கதவுக்கு அடிக்கச் சொல்லவில்லை. கடைத் திரவம்தான் அளவோடு இருக்கும். துருவைக் கட்டிப்போடுகிற பொருள் வேலிக்குப் பக்கத்தில் பூத்துக்கொண்டிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

உலகெங்கும் அகழாய்வில் கிடைக்கிற இரும்புப் பொருட்களைக் காப்பாற்றவும் டானிக் அமிலத்தைப் பூசுவதுண்டு. எங்கள் மாவட்டத்துக்கு இது அந்நியமான செய்தி இல்லை. ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜாகோரும், 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரீயும் தோண்டியபோது முதுமக்கள் தாழிகளோடு வாளும் ஈட்டியும் வந்தன. பக்கத்துச் சிவகளையில் தமிழகத் தொல்லியல் துறை தோண்டிய தாழிகளில் கிடைத்த இரும்பின் காலத்தை, அதனுடன் இருந்த கரியையும் நெல்லையும் பானை ஓட்டையும் கொண்டு கணித்து, கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரி 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். ஐயாயிரம் ஆண்டுக்கு மேல். அந்தக் காலக் கணிப்பைப் பற்றி அறிஞர்கள் இன்னும் பேசுவார்கள், பேச வேண்டும். என் மனதில் நிற்பது அந்தப் பொருட்களின் தோற்றம்: வீங்கி, அடுக்கடுக்காகப் பிளந்து, வடிவத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் செந்நிறக் கட்டிகள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்த வாளின் துருவும் நம் கதவின் துருவும் ஒரே பொருள். அதற்கு ஆய்வுக்கூடம் இருக்கிறது, ஈரப்பதம் அளக்கும் கருவி இருக்கிறது. இதற்குக் குனிந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

அரிப்பைப் பற்றி ஆராய நமக்கு நிறுவனமும் அருகிலேயே இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். பாம்பன் பக்கத்து மண்டபம் ஊரில் கடல் காற்றில் உலோகத் தகடுகளை வருடக்கணக்காக நிறுத்தி வைத்துப் பார்த்தவர்கள் அவர்கள். நாட்டின் எந்தப் பகுதிக் காற்று எவ்வளவு அரிக்கும் என்று வரைபடமே போட்டிருக்கிறார்கள். அந்த வரைபடம் வெளிக்காற்றுக்கானது. ஒரு வறண்ட ஊருக்குள், ஒவ்வொரு வீட்டிலும் ஆறடிக்கு நாலடியில் ஒரு மண்டபம் இருப்பது எந்த வரைபடத்திலும் ஏறாது.

இந்தக் கீழ்ச் சாண் நம் ஊரோடு நிற்பதுமில்லை. என் தங்கை மகள் மொண்ட்ரியாலில் இருக்கிறாள். அங்கே குளியலறையில் சுவரும் தரையும் சேரும் இடத்தில் நீளவாக்கில் மின்சாரச் சூடேற்றி ஓடுகிறது. மெல்லிய தகட்டில் மூடி. கியூபெக்கில் நீர்மின்சாரம் மலிவு என்பதால் வீட்டுக்கு வீடு அதுதான். கழிப்பறைக் கோப்பைக்கு அருகில் அந்த மூடியின் கீழோரம் துருவேறிப் பொரிந்துவிட்டது என்று படம் அனுப்பிக் கேட்டாள். படத்தைப் பார்த்ததும் எனக்கு நம் ஊர்க் கதவு ஞாபகம் வந்தது: தரைக்கு மேல் ஒரு சாண், மெல்லிய தகடு, அடி விளிம்பில் பூச்சு இல்லை. பேரக்குழந்தையைப் பார்க்கப் போன என் தங்கை ஆறு மாதம் அங்கே வாளியும் கப்பும் வைத்துக் குளித்துத் தரையெல்லாம் நனைத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். மின்சாரத்தை மெயினில் அணைத்து, மூடியைக் கழற்றி வெளியே கொண்டுபோய்த் தேய்த்து, சூடு தாங்குகிற பூச்சை இரண்டு பக்கமும் கொடுக்கச் சொன்னேன். ஓட்டை விழுந்திருந்தால் மூடியை மட்டும் மாற்றினால் போதும், உள்ளே இருக்கிற சூடேற்றியைத் தொட வேண்டாம். இதில் புதிதாக நான் எதுவும் சொல்லவில்லை, பட்டறை அண்ணாச்சி சொன்ன வரிசைதான்.

பிவிசி கதவு போட்டுவிட்டால் இந்தப் பாடெல்லாம் எதற்கு என்பார்கள். நியாயமான கேள்வி. பிவிசி துருப்பிடிக்காது, உப்பும் ஆசிட்டும் அதை ஒன்றும் செய்யாது. வீட்டுக்குள், வெயில் படாத குளியலறைக்கு அதையே போடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். எங்கள் பக்கம் குளியலறை பெரும்பாலும் பின்கட்டில் வெயிலைப் பார்த்து நிற்கிறது. கரிசல் வெயிலில் அந்தக் கதவு வெளிறி, நொறுங்கும் பதத்துக்கு வந்து, திருகாணி கடித்த இடத்தில் விண்டுவிடும். விண்டால் ஒட்ட வழியில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். தகரக் கதவை நாலு தெருவுக்கு ஒரு பட்டறையில் வெட்டி ஒட்டலாம். பாதி கெட்டால் பாதியை மாற்றலாம். கூலி வீட்டுக்காரர்களுக்கு இது பெரிய விஷயம்.

அவர்களை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். 2014 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தில் வீட்டுக்கு 12,000 ரூபாய் மானியத்தில் கழிப்பறைகள் எழுந்தன. கரிசல் கிராமங்களில் சீமைக்கருவேலங் காட்டுக்குள் இருட்டில் போய்வந்த பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று அவர்களைக் கேட்டால் தெரியும். அந்தத் தொகைக்குள் குழி, சுவர், கோப்பை, கூரை எல்லாம் போக மிஞ்சியதில் வாங்கியது கதவு. இருப்பதிலேயே மெல்லிய தகடு, ஒரு கை பெயிண்ட். எட்டயபுரம் சாலையில் ஓர் ஊரில் நான் பார்த்த கழிப்பறையில் சுவருக்கு ஒரு குறையும் இல்லை, கோப்பை புதிதாகவே இருந்தது. கதவின் கீழ்ச் சாண் மட்டும் இல்லை. அந்த இடத்தில் சிமெண்டுச் சாக்கு ஒன்றைச் சணலால் தைத்திருந்தார்கள். தைத்தது அந்த வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண். தகட்டில் ஆணியால் துளை போட்டுச் சணல் கோத்திருந்தாள். ஒவ்வொரு தையலும் ஒரே இடைவெளி.

"காலு தெரியுதுல்ல தாத்தா, அதான்" என்றாள்.

பக்கத்தில் இன்னும் இரண்டு வீடுகளில் கதவு மொத்தமாகப் போய், உள்ளே விறகும் பழைய சைக்கிளும் கிடந்தன. அவர்களுக்கு மறுபடி காடே கழிப்பறையாகிவிட்டது. திட்டக் கணக்கில் அந்தக் கழிப்பறைகள் இன்னும் இருக்கும். கோப்பையும் குழியும் நன்றாக இருக்கும்போது ஒரு சாண் தகட்டால் எல்லாம் வீணாவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

கோவில்பட்டியை ஒட்டிய இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் 'கதவு' என்று ஒரு சிறுகதை எழுதினார். தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவைத் தலையாரி கழற்றிக்கொண்டு போகிற கதை. கதவு போனதும் அந்த வீட்டுக்குள் குளிர் வருகிறது, சாவு வருகிறது. கரிசலில் கதவுக்கு என்ன மதிப்பு என்று அந்தக் கதையைப் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்று கதவை எடுத்துப் போக ஓர் அதிகாரம் வந்தது. இன்று கதவைக் கொடுத்ததும் அதிகாரம்தான், கொடுத்ததைக் கீழிருந்து உப்பு எடுத்துக்கொண்டு போகிறது.

ஊராட்சியில் இருப்பவர்கள், வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் மதிப்பீடு போடுகிற பொறியாளர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை பள்ளிக்கூடத்துக்கோ வீட்டுக்கோ கழிப்பறைக் கதவுக்கு விவரக்குறிப்பு எழுதும்போது நாலு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். கீழ் ஒன்றரைச் சாணுக்கு உள்ளும் புறமும் தடித்த தகடு இரட்டையாக வேண்டாம், அது இன்னொரு மடிப்பாகிவிடும். அந்த அளவுக்கு ஒற்றையாக அலுமினியமோ பிவிசி பலகையோ, கழற்றி மாற்றுகிற மாதிரி போல்ட்டில். இரும்பே என்றால் கீழ் மடிப்பில் துளை. தரைக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி. மாட்டுவதற்கு முன்னால் கதவைப் படுக்கப் போட்டு அடி விளிம்புக்கு ரெட் ஆக்சைடு. பில் பாஸ் பண்ணப் போகிறவர் ஒரு முகக் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.